புறநகர் வீடு விற்பனைக்கு: பேசிய விலையும் கைக்கு வரும் தொகையும்

தை பிறந்த பின் வரும் முகூர்த்த நாள்களில் தாம்பரம், படப்பை, கூடுவாஞ்சேரி, ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களின் சார்பதிவாளர் அலுவலகங்கள் காலை ஒன்பது மணிக்கே நிரம்பிவிடுகின்றன. மரத்தடியிலும் வாசற்படியிலும் பிளாஸ்டிக் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு குடும்பங்கள் டோக்கன் எண்ணுக்குக் காத்திருக்க, பத்திர எழுத்தரின் உதவியாளர் ஆதார் நகலில் விடுபட்ட ஒரு கையெழுத்துக்காக ஓட, கடன் கொடுக்கும் வங்கியின் பிரதிநிதி வங்கி வரைவோலையை உறையிலிருந்து எடுக்காமலே நிற்க, உள்ளே கேமராவின் முன் விற்பவர் முகம் காட்டிக் கைரேகை வைக்கிறார். இருபது, முப்பது ஆண்டுகள் ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு சில நிமிடங்களில் கைமாறிவிடுகிறது. நல்ல நாள்களில் கூட்டம் மிகுவதை அறிந்த பதிவுத்துறையே, ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகங்களுக்கு வழக்கமான 100 டோக்கன்களுக்குப் பதிலாக 150 டோக்கன்கள் வழங்குகிறது.

அந்த மேசையில் கையெழுத்தாகும் பத்திரத்தில் எழுதப்பட்ட விலையும், தரகு, கடன் பாக்கி, வரி, இடைக்கால வாடகை ஆகியவை போக விற்றவரின் கணக்கில் எஞ்சும் தொகையும் வேறு வேறானவை. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் சில குடும்பங்களில் இரண்டு லட்சமாகவும் வேறு சில குடும்பங்களில் இருபது லட்சத்துக்கு மேலாகவும் இருப்பதற்குச் சந்தை நிலவரத்தைக் காட்டிலும் விற்பவரின் முன்னேற்பாடே பெரிய காரணம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

விற்பவர்கள் யார்?

1980களிலும் 1990களிலும் குரோம்பேட்டை முதல் கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும், மேற்கே ஆவடி, திருநின்றவூர் வரையிலும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைகளை மாதத் தவணையில் வாங்கிய அரசு ஊழியர்களும் தொழிற்சாலைப் பணியாளர்களும் ஆசிரியர்களும் இன்று ஓய்வுபெற்றவர்கள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அந்த மனையில் முதலில் தரைத்தளமும், பிள்ளைகள் வளர்ந்தபின் மாடியும் எழுந்தன. பிள்ளைகள் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போனபின் மாடி பூட்டிக்கிடக்கிறது. ஊர் மட்டும் வளர்ந்தது. ஆவடி 2019இலும் தாம்பரம் 2021இலும் மாநகராட்சிகளாயின. 2022இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் விற்பவரின் எதிர்பார்ப்பை ஒரு படி உயர்த்தின என்றாலும், எதிர்பார்ப்பு விலையாக மாற வேண்டுமானால் வாங்குபவரின் வழக்கறிஞர் ஒருமுறை தலையசைக்க வேண்டும்.

விலையைத் தீர்மானிக்கும் காகிதங்கள்

வீடு பார்க்க வருபவர் முதலில் கேட்பது அறைகளின் எண்ணிக்கையைத்தான் என்றாலும், விலை உண்மையில் உறுதியாவது ஆவண நகல்கள் வழக்கறிஞரின் மேசைக்குப் போய், சொத்தின் உரிமை குறையற்றது என்று அவர் எழுதித் தரும் சட்டக் கருத்து திரும்பி வரும் நாளில்தான். ‘லீகல் ஒப்பீனியன்’ என்று எல்லோரும் சொல்லும் இந்தக் கருத்தில் ஒரு சிறு குறை இருந்தாலும் வங்கிக் கடன் தடைப்படும். வங்கிக் கடன் கிடைக்காத சொத்துக்கு முழுத் தொகையையும் கையில் வைத்திருப்பவர் மட்டுமே வாங்குபவராக வருவார். அத்தகையவர் பேசும் விலை எப்போதும் குறைவாகவே இருக்கும். ஆகவே காகிதக் குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய்க் கணக்கு உண்டு.

மிகப் பரவலாகக் காணப்படும் ஒரு குறையை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஒரு சொத்தின் மீது பதிவான பரிமாற்றங்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுகளுக்கு எடுத்தால், நடுவில் ஒரு வரியில் ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ என்று இருக்கும். வீட்டுக் கடனுக்காக மூலப்பத்திரம் ஈடாக வைக்கப்பட்டதன் பதிவு அது. கடன் பல ஆண்டுகளுக்கு முன்பே அடைக்கப்பட்டு, பத்திரமும் பீரோவுக்குத் திரும்பி வந்திருக்கும். ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரம் பதிவு செய்யப்படாததால், வில்லங்கச் சான்றைப் பொறுத்தவரை அந்த வீடு இன்றும் அடமானத்தில் இருக்கிறது. கடன் கொடுத்தது கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கமாக இருந்து, அச்சங்கம் கலைக்கப்பட்டோ இணைக்கப்பட்டோ இருந்தால், அந்த ஒரு ரசீதைப் பெறுவதற்கே மாதங்கள் ஆகும். வாங்குபவர் அதுவரை காத்திருப்பதில்லை. வங்கிக் கடனை இப்போதுதான் அடைக்கிறவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு: கடன் முழுதும் தீர்ந்த 30 நாள்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், நிறுவனத்தின் தவறால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்த விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

பட்டாவிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. புறநகர்க் கிராமங்கள் நகரங்களானபோது பழைய சர்வே எண்கள் நகர சர்வே எண்களாக மாறின. 1988இன் கிரயப் பத்திரம் கிராம சர்வே எண்ணைச் சொல்ல, இன்றைய பதிவேடு வேறோர் எண்ணைக் காட்டும். மனைப்பிரிவு முழுவதற்கும் ஒரே கூட்டுப் பட்டாவாக இருந்து, உட்பிரிவு செய்யப்படாமல், விற்றுச் சென்ற பழைய நில உரிமையாளரின் பெயரே பதிவேட்டில் நிற்பதும் உண்டு. நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு முடியும் வரை எவ்வளவு நாளாகும் என்பது விற்பவரின் கையில் இல்லை என்பதாலேயே, இவ்வேலையை வாங்குபவர் கிடைத்த பின் தொடங்குவது பெருந்தவறாகிறது.

வாரிசுரிமை இன்னும் நுட்பமானது. உயில் எழுதாமல் இறந்த ஓர் இந்து ஆணின் சொத்தில் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் மட்டுமின்றி, அப்போது உயிருடன் இருந்த அவருடைய தாய்க்கும் சமபங்கு உண்டு. இந்தக் கடைசி வாரிசைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. அந்தத் தாயும் பின்னர் மறைந்திருந்தால், அவருடைய பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்கிறது என்பதால், அத்தைகளும் சித்தப்பாக்களும் கையெழுத்திட வேண்டிய நிலை வருகிறது. அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் விடுதலைப் பத்திரம், உறவு இனிமையாக இருக்கும் காலத்தில் ஒரு நாள் வேலை. விற்பனை விலை ஊருக்குத் தெரிந்தபின் அதுவே பேரமாகிறது.

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளின் கதை தனி. அத்தகைய மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்ததும் பலருக்கும் நினைவிருக்கும். முன்பே மனையாகப் பதிவானவற்றின் மறுவிற்பனைக்கு வழி விடப்பட்டாலும், வரன்முறை ஆணை இல்லாத மனையில் நிற்கும் வீட்டுக்குக் கடன் தருவதில் வங்கிகள் பெரும்பாலும் தயக்கம் காட்டுகின்றன. கட்டணம் கட்டி ஆணை பெறுவதற்கு ஆகும் செலவு, அது இல்லாததால் விலையில் குறையும் தொகையைவிடப் பெரும்பாலும் சிறியதே.

[பெட்டிச் செய்தி]
விளம்பரத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை
● அசல் கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப்பத்திரங்களும். தொலைந்திருந்தால் காவல்துறைப் புகாரும் நாளிதழ் அறிவிப்பும் கண்டறிய இயலவில்லை என்ற சான்றும்
● முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று. கடன் தீர்ந்த ரசீதுப் பதிவு உட்பட
● விற்பவர் பெயரில் பட்டா. பத்திரம், பட்டா, ஆதார், பான் அட்டை ஆகியவற்றில் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருத்தல்
● கட்டட அனுமதியும் வரைபடமும். மாடிக்குத் தனி அனுமதி
● சொத்து வரி, மின் கட்டணம், குடிநீர்–கழிவுநீர்க் கட்டணம் பாக்கியில்லாத ரசீதுகள்
● இறந்தவர் பெயரில் சொத்து இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும்
[பெட்டி முடிவு]

நிலத்தின் விலையும் கட்டடத்தின் விலையும்

புறநகர்த் தனி வீட்டின் விலையில் பெரும்பகுதி நிலத்தின் விலையே. முப்பது வயதான கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்து மதிப்பீட்டாளர் எழுதும் தொகை, அதைக் கட்டியவரின் மனத்தில் உள்ள தொகையோடு எந்நாளும் பொருந்துவதில்லை. தேக்குக் கதவும் கிரானைட் தரையும் அவற்றுக்கான செலவைத் திருப்பித் தருவதில்லை. குடும்பம் குடியேற வாங்குகிறதா, சிறு கட்டுமானர் இடித்து அடுக்கு வீடுகள் கட்ட வாங்குகிறாரா என்பதைப் பொறுத்து விற்பனை உத்தியே மாற வேண்டும். கட்டுமானருக்கு வீட்டின் முன்னுள்ள சாலையின் அகலமும் மனையின் முகப்பு அகலமும் மட்டுமே கணக்கு. எத்தனை தளம் எழுப்பலாம் என்பதை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சாலை அகலத்தோடு இணைத்தே தீர்மானிக்கின்றன. பத்திரத்தில் 30 அடிச் சாலை என்று எழுதியிருந்து, இருபுறமும் படிக்கட்டுகள் நீண்டு 22 அடியாகச் சுருங்கிய தெருக்கள் புறநகரில் ஏராளம் என்பதால், அளந்து பார்க்காமல் கட்டுமானரோடு பேச உட்காருவது பலவீனமான நிலை. அவருக்கு விற்கிறவர் சுவருக்கு வண்ணம் பூசி ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை. குடும்பத்துக்கு விற்கிறவரோ மொட்டைமாடி ஒழுக்கையும் குளியலறைச் சுவரின் ஈரத்தையும் சரிசெய்யாமல் வீட்டைக் காட்டக் கூடாது.

நிலத்தின் விலையை வெள்ளத்தின் நினைவும் எழுதுகிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தென்புறநகரை நீரில் நிறுத்தியதையும் வாங்க வருபவர்கள் தெருப் பெயரோடு நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரே ஊரில் இரண்டு தெருக்களுக்கிடையே விலை வேறுபடுவதற்கு இதுவே பல இடங்களில் காரணம். வெள்ளம் புகாத தெருவில் வீடு வைத்திருப்பவர், ஐப்பசி–கார்த்திகை அடைமழையில் வாங்குபவரை அழைத்து வந்து உலர்ந்த வாசலைக் காட்டுவதைவிட வலுவான விளம்பரம் இல்லை. வெள்ளம் புகுந்த வீட்டை உடையவர் அதை மறைப்பதில் பயனில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கேள்வி கேட்டால் வெளிப்பட்டுவிடும் செய்தியை விற்பவரே முதலில் சொல்லி, தரைமட்டம் உயர்த்தப்பட்டதைக் காட்டுவதே நேர்மையும் உத்தியும் ஆகும்.

விலையைப் பேசுகையில் வாங்குபவரின் வங்கிக் கணக்கையும் விற்பவர் போட்டுப் பார்க்க வேண்டும். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் சொத்து மதிப்பின் 75 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு; 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு அது 80 சதவீதம். ஒரு கோடி ரூபாய்க்குப் பேசிய வீட்டை வங்கியின் மதிப்பீட்டாளர் 90 லட்சம் என்று மதிப்பிட்டு, அதில் 75 சதவீதத்தை வங்கி அனுமதித்தால் கடன் 67.5 லட்சம், மீதி 32.5 லட்சத்தோடு, தமிழ்நாட்டில் கிரயத்துக்கான 7 சதவீத முத்திரைத்தாள் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்ந்து இன்னொரு 9 லட்சத்தை, ஆக 41.5 லட்சத்தை, வாங்குபவர் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். அத்தொகை அவரிடம் உண்டா என்று கேட்காமல் உயர்ந்த விலை சொன்னவருக்குத் தலையாட்டிவிட்டு, மூன்று மாதம் கழித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் விற்பவர்கள் பலர். சற்றே குறைந்த விலை சொன்னாலும் கடன் முன்ஒப்புதலோடு வருபவரே சிறந்தவர்.

எந்த மாதம், எந்த ஆண்டு?

ஆடியிலும் மார்கழியிலும் வீடு பார்க்க வருவோர் குறைவு. ஆடிப்பெருக்கு மட்டும் விதிவிலக்கு. சித்திரை, ஆவணி, தை மாதங்களில் கிரயம் மிகும். பள்ளி மாற்றத்தை முன்னிட்டு மார்ச் முதல் மே வரை குடும்பங்கள் தேடுகின்றன. ஆடியில் விளம்பரம் செய்யக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. ஆடி மாதம் பேரத்துக்கும் ஆவணச் சரிபார்ப்புக்கும், ஆவணி மாதம் பதிவுக்கும் என்று திட்டமிடுபவர் காத்திருப்பைக் குறைத்துக்கொள்கிறார்.

பருவத்தைக் காட்டிலும் பெரிய கேள்வி, காத்திருப்பதன் செலவு. மெட்ரோ வந்துவிடும், இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்தால் பத்து லட்சம் கூடும் என்று கருதும் ஒருவரின் வீடு இன்று ஒரு கோடி பெறும் என்று கொள்வோம். ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் அத்தொகை இரண்டு ஆண்டில் 14 லட்சம் ஈட்டும். வீட்டை மாதம் 18,000 ரூபாய் வாடகைக்கு விட்டால் அதே காலத்தில் கிடைப்பது 4.32 லட்சம். வேறுபாடு 9.68 லட்சம். அதாவது, எதிர்பார்த்த பத்து லட்சம் முழுதும் கிடைத்தாலும், சொத்து வரியும் பராமரிப்பும் போக அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார், கிடைக்காவிட்டால் இழக்கிறார். பூட்டிய வீட்டுக்கு அந்த வாடகையும் இல்லை. உடைமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்கு இக்கணக்கு பொருந்தாது. அறிவிப்பை நம்பிக் காத்திருப்பது ஊகம். ஓய்வூதியத்தை நம்பி வாழும் ஒருவருடைய சேமிப்பு முழுதும் அந்த ஒரே சொத்தில் இருக்கும்போது அந்த ஊகம் அவருக்கு உரியதன்று.

நிதியாண்டின் எல்லையைக் கவனிப்பவர்கள் மிகக் குறைவு. மார்ச் இறுதியில் பதிவான விற்பனைக்கான வரிக் கணக்கு சில மாதங்களிலேயே தாக்கலாக வேண்டும். அதே பதிவு ஏப்ரல் முதல் வாரத்துக்குத் தள்ளினால், கணக்குத் தாக்கலுக்கும் விற்பனைத் தொகையை எங்கே முதலீடு செய்வது என்று முடிவெடுப்பதற்கும் மேலும் ஓராண்டு அவகாசம் கிடைக்கிறது. வாங்குபவர் ஒப்புக்கொண்டால், செலவின்றிக் கிடைக்கும் சலுகை இது.

அட்வான்ஸ் வாங்கிய பின்

விலை படிந்ததும் ஒரு சிறு தொகையை டோக்கன் அட்வான்ஸாக வாங்கி, வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக்கொள்வது புறநகரில் இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். வாங்க வந்தவர் பணம் புரளாமல் விலகினாலும், அவரும் வந்து கையெழுத்திட்டு ஒப்பந்தத்தை ரத்து செய்யும் வரை அந்தப் பதிவு அங்கேயே நிற்கும், அதைப் பார்க்கும் அடுத்தவர் பின்வாங்குவார். குறித்த உறுதிமொழியை அப்படியே நிறைவேற்றக் கோரும் வழக்குகளில் நீதிமன்றத்துக்கு இருந்த விருப்புரிமையை 2018ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் பெரிதும் குறைத்துவிட்டது என்பதால், ஒப்பந்தம் போட்ட பின் அதிக விலைக்கு வேறொருவர் வந்தார் என்று விற்பவர் மனம் மாறுவதும் ஆபத்தானது. அவ்வழக்கைத் தொடர மூன்று ஆண்டுக் காலக்கெடு உள்ளது. அதுவரை வீடு விற்காது.

ஆகவே ஒப்பந்தத்தின் சொற்களில் விற்பவர் கஞ்சத்தனம் காட்டலாகாது. மீதித் தொகை செலுத்த வேண்டிய தேதி, வாங்குபவரின் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் என்னவாகும், கெடு தவறினால் எத்தனை நாளில் ரத்துப் பத்திரத்துக்கு அவர் வர வேண்டும், சாவி எப்போது கைமாறும் என்பவை ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும். முழுத் தொகையும் கணக்கில் ஏறும் முன் சாவியைக் கொடுப்பதும், ‘பவர்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொது அதிகாரப் பத்திரத்தை வாங்குபவர் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு விற்றதாக நினைத்துக்கொள்வதும் கூடவே கூடாதவை. அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவுபடுத்திவிட்டது. பெயரளவில் உரிமையாளராகத் தொடர்பவரைத்தான் வரித்துறையும் நகராட்சியும் தேடி வரும்.

வரிதான் பெரிய செலவு

தரகு ஒன்று முதல் இரண்டு சதவீதம். வழக்கறிஞர் கட்டணம், பாக்கிகள், வீடு மாறும் செலவு எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கும். முத்திரைத்தாள் செலவு வாங்குபவருடையது. விற்பவரின் மிகப் பெரிய செலவு மூலதன ஆதாய வரி, அதாவது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான இலாபத்தின் மீதான வரி. வீடு 24 மாதங்களுக்கு மேல் கையில் இருந்தால் அது நீண்டகால ஆதாயம். பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடும் பணவீக்கக் குறியீட்டுச் சலுகை 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் நீக்கப்பட்டு, வரிவிகிதம் 20லிருந்து 12.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பின் விளைவாக, 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலத்துக்கும் கட்டடத்துக்கும், இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் இரு கணக்குகளில் வரி குறைவானதைத் தேர்ந்துகொள்ளலாம் என்று திருத்தப்பட்டது. எது குறைவு என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

[பெட்டிச் செய்தி]
ஒரே ஆண்டில் விற்ற இரண்டு வீடுகள்: கற்பனைக் கணக்கு
விற்பனை 2025–26இல், அந்த ஆண்டின் பணவீக்கக் குறியீடு 376. நான்கு சதவீத மேல்வரி இங்கே சேர்க்கப்படவில்லை.

முதல் வீடு: 2010–11இல் (குறியீடு 167) 40 லட்சத்துக்கு வாங்கி, ஒரு கோடிக்கு விற்றது. குறியீட்டோடு வாங்கிய விலை 90.06 லட்சம், ஆதாயம் 9.94 லட்சம், 20 சதவீத வரி 1.99 லட்சம். குறியீடின்றி ஆதாயம் 60 லட்சம், 12.5 சதவீத வரி 7.5 லட்சம். பழைய முறையே நன்மை.

இரண்டாம் வீடு: 2003–04இல் (குறியீடு 109) 8 லட்சத்துக்கு வாங்கி, 1.2 கோடிக்கு விற்றது. குறியீட்டோடு ஆதாயம் 92.4 லட்சம், வரி 18.48 லட்சம். குறியீடின்றி ஆதாயம் 112 லட்சம். வரி 14 லட்சம். புதிய முறையே நன்மை.
[பெட்டி முடிவு]

மெதுவாக விலை ஏறிய வீட்டுக்குப் பழைய முறையும், பல மடங்கு ஏறிய வீட்டுக்குப் புதிய முறையும் பொருந்துகின்றன என்பதே இதன் சாரம். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்துக்கு, வாங்கிய விலைக்குப் பதிலாக அந்நாளின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் அது அந்நாளின் அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. 1987இல் சில ஆயிரங்களுக்கு மனை வாங்கியவருக்கு இவ்விதி பெரிய நிவாரணம். மாடி கட்டிய செலவையும் வாங்கிய விலையோடு சேர்க்கலாம் என்றாலும், 2009இல் மேஸ்திரிக்கு ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது யாரிடமும் இருப்பதில்லை. கட்டட அனுமதி வரைபடம், அக்காலக் கடன் கணக்கு, வங்கிப் பற்றுவரவு ஆகியவற்றைத் தேடி எடுப்பது லட்சக்கணக்கில் பலன் தரும் வேலை. சாதாரண வண்ணப்பூச்சும் பழுதுபார்ப்பும் இக்கணக்கில் சேரா. தரகுக்கு ரசீது இருந்தால் அது சேரும்.

ஆதாயத்தை மற்றொரு குடியிருப்பு வீட்டில் முதலீடு செய்தால் வரிவிலக்கு உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 54ஆம் பிரிவாக அறியப்பட்ட இச்சலுகைப்படி, விற்பனைக்கு ஓராண்டு முன்போ இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ வீடு வாங்கலாம்; மூன்று ஆண்டுகளுக்குள் கட்டலாம். கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் முதலீடு முடியாவிட்டால், அத்தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தின்கீழ் வைக்க வேண்டும். சாதாரண வைப்புநிதியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் விலக்கை இழக்கிறார்கள். வீடு வேண்டாதவர்கள் ஆறு மாதத்துக்குள் அரசுசார் நிறுவனங்களின் குறிப்பிட்ட பத்திரங்களில் 50 லட்சம் வரை ஐந்தாண்டுக்கு முதலீடு செய்யலாம். எந்நிலையிலும், வரியைத் தவிர்ப்பதற்காக மட்டுமே தேவையற்ற அடுக்குமாடி வீட்டை அவசரத்தில் வாங்குவது அறிவுடைமையாகாது. இரண்டு லட்சம் வரிக்காக எழுபது லட்சத்தை மீண்டும் செங்கல்லில் முடக்கிவிட்டு, மருத்துவச் செலவுக்குக் கையைப் பிசையும் முதியவர்களின் நிலை உண்மையாகவே வருத்தத்துக்குரியது.

விற்பவர் வெளிநாட்டில் குடியேறியவராக இருந்தால் நிலைமை வேறு. உள்நாட்டில் வசிப்பவரிடம் 50 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டை வாங்குபவர் பிடித்து வைக்க வேண்டிய வரி 1 சதவீதம் மட்டுமே. வெளிநாட்டு வாழ் இந்தியரிடம் வாங்குபவர் 12.5 சதவீதத்தோடு மேல்வரிகளையும் பிடிக்க வேண்டியிருப்பதால், நடைமுறையில் பலரும் முழு விலையின் மீதே பிடித்துவிடுகிறார்கள். குறைந்த விகிதத்தில் பிடிக்க அனுமதிக்கும் சான்றிதழை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே பெற்றுவிட்டால், பெருந்தொகை ஓராண்டுக்கு மேல் முடங்குவதைத் தவிர்க்கலாம். குறியீட்டோடு கணக்கிடும் தெரிவும் இவர்களுக்கு இல்லை. அங்கிருந்து பெற்றோருக்கு அனுப்பும் அதிகாரப் பத்திரம் தூதரகச் சான்றோ அப்போஸ்டில் சான்றோ பெற்று, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும்.

கறுப்புப் பகுதி யாருக்கு நன்மை?

வழிகாட்டி மதிப்புக்குப் பதிவு செய்துவிட்டு மீதியை ரொக்கமாகப் பெறும் பழக்கத்தை வாங்குபவரும் தரகரும் இருவருக்கும் நன்மை என்றே விவரிப்பார்கள். முத்திரைத்தாள் செலவு குறைவதால் நன்மை பெறுபவர் வாங்குபவர். ஆபத்தைச் சுமப்பவர் விற்பவர். நிலம், கட்டடம் தொடர்பாக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவது 2015 ஜூன் முதல் தடை. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் பெற்றவர்மீதே விழும். ரொக்கமாக வந்த பகுதியைப் புதிய வீட்டில் காட்டி வரிவிலக்குப் பெறவும் இயலாது. வழிகாட்டி மதிப்பு பத்திர விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வரிக் கணக்கில் வழிகாட்டி மதிப்பே விற்பனை விலையாகக் கொள்ளப்படும். முதல் வீட்டின் கணக்கைப் போல உண்மையான வரி இரண்டு லட்சமாக இருக்கையில், அதைத் தவிர்க்க முப்பது லட்ச ரொக்கத்தை வீட்டில் வைத்துக்கொண்டு உறங்காமல் இருப்பதற்குப் பொருளாதார நியாயம் ஏதுமில்லை.

வீட்டை விற்கும் எண்ணம் இந்த ஆண்டு இல்லாதவர்களும் இவ்வேலைகளில் பாதியை இப்போதே முடித்துவிடலாம். வாரிசுகள் எல்லோரும் ஒரே மேசையில் அமர இசைவாக இருக்கும் காலத்தில் விடுதலைப் பத்திரத்தையும், கடன் கொடுத்த சங்கம் இயங்கும் காலத்தில் ரசீதுப் பத்திரத்தையும், மாடி கட்டிய காலத்துக் காகிதங்கள் கறையான் தின்னுமுன் அவற்றின் நகல்களையும் பெற்றுவிட வேண்டும். முதல் அடியாக வில்லங்கச் சான்றைப் பார்ப்பது போதும்; பதிவுத்துறையின் இணையதளத்தில் அதைப் பார்வையிடக் கட்டணம் இல்லை.